மறுபடியும் அட்மிட்! கட்டியை எடுத்த பிறகு வரும் நாட்கள்

பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டியெடுத்து, குடலின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த இடத்தில் கசிவு வருமானால், பெரும்பாலும் அது அறுவை முடிந்த ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் வரும். பல மருத்துவமனைகளில் இப்போது ஐந்தாறு நாட்களிலேயே டிஸ்சார்ஜ் செய்துவிடுகிறார்கள். ஆகவே, அந்த ஆபத்தான நாட்களில் நோயாளி வீட்டில்தான் இருப்பார். அருகில் சர்ஜனும் இருக்கமாட்டார், சிஸ்டரும் இருக்கமாட்டார். மனைவியோ மகளோ மருமகளோதான் இருப்பார்கள்.

அதற்குள் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாகியிருக்கும். "ஆபரேஷன் சக்சஸ். கட்டியை முழுசா எடுத்தாச்சு." குலதெய்வக் கோயிலுக்கு எப்போது போய் முடியிறக்குவது என்றுகூடப் பேச்சு தொடங்கியிருக்கும். ஆறாம் நாள் ராத்திரி அவருக்கு லேசாகக் காய்ச்சல். வயிறு உப்பியிருக்கிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. வாயுவாக இருக்கும் என்று வெந்நீரும் ஓமமும் கொடுக்கிறார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அவரே. காலையில் பக்கத்து நர்சிங் ஹோமில் இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி, ஒரு ஊசி போட்டு அனுப்புகிறார்கள். அறுவை செய்த மருத்துவமனையில் ஓ.பி. நாள் நாளை மறுநாள். இப்படியே இரண்டு நாள் கழிகிறது. வயிற்றுக்குள் மலம் கசிந்து கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கிய ஒருவருக்கு, பிழைப்பதா இல்லையா என்பது அந்த இரண்டு நாளில் தீர்மானமாகிவிடலாம்.

புற்றுநோய் அறுவைக்குப் பிறகு மறுபடியும் மருத்துவமனைக்குப் போவதை நம் வீடுகள் ஓர் அபசகுனமாகப் பார்க்கின்றன. ஏதோ தப்பு நடந்துவிட்டது, யாரோ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, பத்தியம் தவறிவிட்டது என்று காரணம் தேடுகிறார்கள். உண்மையில் பெரிய அறுவை எதுவும் மேஜையில் முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பின் வரும் வாரங்களும் அந்த அறுவையோடு சேர்ந்தவைதான். அந்த வாரங்களில் திரும்பி வரவேண்டியிருக்கலாம், இரண்டு மூன்று முறைகூட வரவேண்டியிருக்கலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே உட்காரவைத்துச் சொல்லவேண்டும். பெரும்பாலான இடங்களில் சொல்வதில்லை. நம் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பெரிய ஓட்டை இது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை பெரிய அறுவைகள் செய்துகொண்ட 84,730 பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அமீர் கஃபேரியும் அவருடைய சக மருத்துவர்களும் அதை 2009-இல் வெளியிட்டார்கள். இறப்பு மிகக் குறைவாக இருந்த மருத்துவமனைகளையும் மிக அதிகமாக இருந்த மருத்துவமனைகளையும் ஒப்பிட்டபோது, சிக்கல்கள் வரும் விகிதத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஒரு பக்கம் 26.9 சதவிகிதம், மறுபக்கம் 24.6. ஆனால், பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 12.5 சதவிகிதம், மறுபக்கம் 21.4. கைதேர்ந்த சர்ஜன்கள் உள்ள இடத்திலும் சிக்கல் வந்தது. அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், கண்டதும் என்ன செய்தார்கள் என்பதில்தான் உயிர்கள் தப்பின.

2021-இல் லான்செட் இதழில் வந்த குளோபல்சர்ஜ் ஆய்வு இன்னும் நேராக நம்மைத் தொடுகிறது. மார்பகம், பெருங்குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்கு அறுவை செய்துகொண்ட 15,958 பேரை 82 நாடுகளில் பின்தொடர்ந்தார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு என்று பிரித்துப் பார்த்தபோது, சிக்கல் வருவதில் இருந்த வித்தியாசத்தைவிட, சிக்கல் வந்த பின் 30 நாட்களுக்குள் இறப்பதில் இருந்த வித்தியாசம் பல மடங்கு பெரிதாக இருந்தது. ஐ.சி.யூ. படுக்கை, இரவில் எடுக்கக்கூடிய ஸ்கேன், கூப்பிட்டால் வரும் மூத்த மருத்துவர் எல்லாம் இந்த வித்தியாசத்தில் அடக்கம். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு உள்ள தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். அங்கே அறுவை செய்துகொண்டு ரயிலில் ஊர் திரும்பிய ஒருவருக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால், ஃபைலில் இருக்கும் அந்த டாக்டர் எட்டாத தொலைவில் இருக்கிறார்.

சிக்கலை முதலில் பார்க்கும் கண் யாருடையது என்பதற்கு, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வியன்னாவிலிருந்து ஒரு சம்பவம். 1923 ஏப்ரலில் உளவியல் அறிஞர் சிக்மண்ட் ஃப்ராய்டின் வாயிலிருந்த கட்டியை ஒரு மருத்துவமனையில் அறுத்தெடுத்தார்கள். சிறிய வேலை, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் பேச்சு. ரத்தப்போக்கு கூடிப்போனதால், ஒரு சின்ன அறையில் இன்னொரு நோயாளியோடு அவரைப் படுக்கவைத்தார்கள். பார்வையாளர் நேரம் இல்லையென்று குடும்பத்தை மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இடைவெளியில் மறுபடியும் ரத்தம் கொட்டத் தொடங்கியது. அவரால் வாய்திறந்து கூப்பிட முடியவில்லை. அழைப்புமணியை அழுத்தினார், அது வேலை செய்யவில்லை. உயரமும் மனவளர்ச்சியும் குன்றியவரான அந்தப் பக்கத்துப் படுக்கை நோயாளிதான் ஓடிப்போய் ஆட்களை அழைத்து வந்தார். ஃப்ராய்டு பிழைத்தார். 27 வயது மகள் ஆனா அதற்குப் பிறகு அந்த இடத்தைவிட்டு நகர மறுத்து இரவு முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடுராத்திரியில் தந்தையின் நிலை மோசமாகத் தெரிந்து டாக்டரை எழுப்பச் சொன்னபோது, பணியிலிருந்த மருத்துவர் எழுந்து வரவில்லை.

நம் அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும், நோயாளிக்குத் துணையாக வந்த எந்த மனைவிக்கும் மகளுக்கும் இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. "போங்கம்மா, விசிட்டர்ஸ் டைம் முடிஞ்சிடுச்சு" என்று வெளியே தள்ளப்படும் அந்தப் பெண்ணுக்கு, தன் கணவர் நேற்று எப்படி மூச்சு விட்டார், இன்று எப்படி விடுகிறார் என்பது தெரியும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டியதை மெஷின் காட்டும். "இவர் ஒரு மாதிரி இருக்கார்" என்று சொல்ல அந்த மனைவியால்தான் முடியும். அந்தச் சொல்லை மருத்துவத் தகவலாகக் காதில் வாங்கும் வார்டுகள் உயிர்களைக் காப்பாற்றுகின்றன.

எந்த அறுவைக்கு என்ன வரும் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்த விஷயம். மார்பக அறுவையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு, மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோகூட அந்தக் கை வீங்கலாம். வீங்கிய கை திடீரென்று சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாட்டிக் தொடங்கவேண்டும். எண்ணெய் தேய்த்து நீவி, நாலு நாள் பார்க்கலாம் என்பது கூடாது. வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய் அறுவைக்குப் பின் காலில் ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். உறையாமல் தடுக்கும் ஊசியை ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் நான்கு வாரம் போட்டபோது, ரத்தம் உறைவது 12 சதவிகிதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்ததை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றில் போடச்சொல்லும் அந்தச் சின்ன ஊசியைச் செலவுக்குப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ இருந்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் 108-ஐ அழைக்கவேண்டும்.

வாய்ப்புற்று, அதுவும் வெற்றிலையும் புகையிலையும் நீண்டகாலம் போட்டவர்களுக்கு வரும் கன்னப்புற்று, தனி உலகம். தாடையை எடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்பும் தோலும் எடுத்து வைத்துத் தைக்கிறார்கள். வைத்த தசைக்கு ரத்த ஓட்டம் நின்றால் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே மறுபடி தியேட்டருக்குப் போகவேண்டியிருக்கும். பிறகு கழுத்துத் தையல் வழியே எச்சில் கசியலாம். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றும்போது நோயாளியை நிமிர்த்தி உட்காரவைக்காவிட்டால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். ரேடியேஷன் முடிந்தபின் வாய் திறக்கும் அளவு சுருங்கிக்கொண்டே வரும். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு குச்சி கூட்டிப் பழகவேண்டும். வலிக்கும், விட்டுவிடுகிறார்கள். விட்டவர்களுக்கு ஒரு வாய் சோறு வைக்கக்கூட இடமில்லாமல் போகிறது.

அதிகம் பேசப்படாதது, வயிற்றில் பை வைத்தவர்களின் பாடு. மலக்குடல் கட்டியை எடுத்தபின், தைத்த இடம் ஆறும்வரை சிறுகுடலை வெளியே கொண்டுவந்து பை பொருத்துவது வழக்கம். சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீராக வரும், உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உடம்பு வறண்டு சிறுநீரகமே நின்றுபோகலாம். இப்படிப் பை வைத்தவர்கள் மறுபடி மருத்துவமனையில் சேரும் முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த வறட்சிதான். இதில் ஒரு பொறி இருக்கிறது. தாகம் எடுக்கிறதே என்று சொம்பு சொம்பாக வெறும் தண்ணீர் குடித்தால் வெளியே போவது இன்னும் கூடும், கூடவே உப்பும் போகும். இளநீர் நல்லதென்று ஊரே சொல்லும், அதில் சோடியம் குறைவு. சிறுநீரகம் தளர்ந்திருக்கும் நேரத்தில் அதிலுள்ள பொட்டாசியம் கேடும் செய்யும். டாக்டர் சொன்ன அளவில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்புப் போட்ட குழைந்த சோற்றுக்கஞ்சி, வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, இவைதான் காக்கும். பையைக் காலிசெய்யும்போதெல்லாம் ஓர் அளவுகோப்பையில் ஊற்றி நோட்டில் குறித்துவைக்கும் வீட்டில் ஆபத்து ஒரு நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். சிறுநீர் குறைந்து மஞ்சள் கூடினாலும், எழுந்து நின்றால் தலை கிறுகிறுத்தாலும் காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அன்பின் பேரில் அதிகம் கெடுதல் நடப்பது இங்கேதான். அறுவை ஆனவருக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது, பருப்பு சீழ் பிடிக்கும், உருளைக்கிழங்கு வாயு, கத்தரிக்காய் அரிக்கும் என்று ஒவ்வொன்றாக இலையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது ரசஞ்சாதமும் இட்லியும் பிரெட்டும். தையல் கூடுவதற்கும் கிருமியை எதிர்ப்பதற்கும் உடம்புக்கு வேண்டியது புரதம். இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ கட்டி இருந்தவர், அறுவைக்கு முன்பே மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் கரைந்துபோயிருப்பார். அவருக்கு முட்டையையும் பருப்பையும் மறுப்பது காயத்தை ஆறவிடாமல் செய்வது. மருத்துவர் தடைசொல்லாதவரை முட்டை, மீன், கோழி, பயறு, தயிர் எல்லாம் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். இரைப்பையை எடுத்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு ஒத்துவராது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, சாப்பிடும்போது தண்ணீரைத் தள்ளிவைத்து. பாட்டியும் அத்தையும் பத்தியம் பற்றிப் பேசும்போது எதிர்த்து நிற்க மருமகளால் முடியாது. ஆகவே, டிஸ்சார்ஜ் அன்று டாக்டரோ உணவியல் நிபுணரோ வீட்டுப் பெரியவரை எதிரில் உட்காரவைத்துச் சொல்லவேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

மறுபடி அட்மிட் என்று கேட்டதும் நோயாளியின் மனதில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான். "திரும்ப வந்துடுச்சா?" தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. 1968 செப்டம்பரில் முதலமைச்சர் அண்ணாவுக்கு நியூயார்க்கில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. நவம்பரில் அவர் திரும்பியபோது ஊரே மகிழ்ந்தது. மறுபடி உடல்நலம் குன்றி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1969 பிப்ரவரி 3-இல் காலமானார். ஆபரேஷன், திரும்பி வருதல், மறுபடி ஆஸ்பத்திரி, முடிவு என்ற வரிசை ஒரு தலைமுறையின் மனதில் அப்படியே பதிந்தது. ஆனால் கசிவுக்கோ சீழுக்கோ குடலடைப்புக்கோ திரும்பச் சேர்வது நோய் திரும்புவது ஆகாது. இரண்டுக்கும் சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். அறுத்தெடுத்த கட்டியின் பயாப்ஸி முடிவு நன்றாக இருக்கும் ஒருவர், தையல் பிரிந்து மூன்றாம் முறை சேர்ந்திருக்கலாம். அவரிடம், "இது புற்றுநோய் இல்லை, காயத்தின் பிரச்சினை" என்று ஒவ்வொரு முறையும் யாராவது வாய்திறந்து சொல்லவேண்டும். டாக்டர்களுக்கு அது வெளிப்படையான விஷயம், அதனாலேயே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. அறுவை முடிந்த ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்கவேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். சிக்கலால் நாள் தள்ளிப்போகும்போது, தேதியை எண்ணி எண்ணித் தூங்காமல் கிடப்பார்கள். ஆறாத காயத்தோடு கீமோ கொடுத்தால் கிருமித்தொற்று உயிரை எடுத்துவிடக்கூடும் என்பதால்தான் மருத்துவர்கள் பொறுக்கிறார்கள். தாமதம் என்றால் கைவிடுவது என்று பொருளில்லை. இதையும் கேட்டுத் தெளிய நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது, நான்காவது முறை சேரும்போது உறவுக்காரர்கள் குறைந்துபோகிறார்கள். முதல் அறுவைக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தவர்கள் போனில் விசாரிப்பதோடு சரி. மனைவி வேலைக்கு லீவு போட்டுப் போட்டு, சம்பளம் பிடித்தம் ஆகி, ஒருநாள் வேலையே போகிறது. பிள்ளைகள் பாட்டி வீட்டில். நோயாளி, "என்னால எல்லாருக்கும் கஷ்டம்" என்று சொல்லத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். அதைக் கேட்டு, "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுகிறோம். பேசவிடுவது நல்லது. தூக்கமின்மை, அழுகை, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுப்பது வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஓர் இரவாவது வீட்டில் படுத்துத் தூங்க இன்னொருவர் முறைபோட்டு வரவேண்டும். பழம் வாங்கி வருவதைவிட அந்த ஓர் இரவு பெரிய உதவி. ஃப்ராய்டு அடுத்த 16 ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை கத்திக்கு ஆளானார். அத்தனை ஆண்டுகளும் அவருடைய முதன்மையான செவிலி மகள் ஆனாதான். அப்படி ஒருத்தியின் வாழ்க்கையையே கேட்டு வாங்கும் சேவையை நாம் இன்றும் பெண்களிடம் சாதாரணமாக எதிர்பார்க்கிறோம்.

செலவுக்கு வருவோம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கும் ஏற்பாட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அறுவைக்கு அது பெரும் துணை. ஆனால் திரும்பத் திரும்பச் சேரும் குடும்பத்தை உருக்குலைப்பது பஸ் கட்டணம், ஆஸ்பத்திரி வாசலில் எடுக்கும் வாடகை அறை, ஹோட்டல் இட்லி, போன கூலி. காப்பீட்டு அட்டை இவற்றுக்குச் செல்லாது. மறுபடி சேரும்போது மீதித்தொகை எவ்வளவு, இந்தச் சிக்கலுக்குப் புதிதாக அனுமதி வாங்கவேண்டுமா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளில் இருக்கிறது. அதைக் கையில் வைத்திருக்கும் பெண் அதைப் படிக்க முடியாதவர். என்ன அறுவை நடந்தது, எதை எடுத்தார்கள், என்ன நடந்தால் உடனே வரவேண்டும், ராத்திரி எந்த எண்ணுக்கு அழைக்கவேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒவ்வொரு புற்றுநோய் வார்டும் இதைச் செய்யவேண்டும் என்று கேட்கிறேன். கொடுக்காத இடத்தில் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரு நோட்டு வையுங்கள். தினம் இரண்டு வேளை காய்ச்சல் அளவு, நாடித்துடிப்பு, காயத்திலிருந்து நீர் வடியும் டிரெயின் டியூபில் வந்த அளவும் நிறமும், எத்தனை முறை வாந்தி, என்ன சாப்பிட்டார். உள்ளூர் டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டும் ஃபைலும் கூடப் போகட்டும். அவரிடமே, "ஆபரேஷன் பண்ணுன டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை போன்ல பேசுங்க சார்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிலருக்கு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமான இந்த அலைச்சல் நிற்காது. வயிற்றில் பொருத்திய பையை எடுக்கச் செய்யும் இரண்டாம் அறுவையும் தள்ளிப்போய், அடைப்பும் தொற்றுமாக மாதங்கள் ஓடும். அந்த நேரத்தில் டாக்டரிடம் நேராகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த முறை சேர்ப்பது எதற்காக, குணமாக்கவா, வலி குறைக்கவா, ஒரு மாதம் வீட்டில் நிம்மதியாக இருக்கவா? நோயாளி என்ன விரும்புகிறார் என்பதை அவர் காதுபடக் கேட்டபிறகே பதில் தேடவேண்டும். பேலியேட்டிவ் கேர் என்ற சொல்லைக் கேட்டதும் கைவிட்டுவிட்டார்கள் என்று அழுகிறோம். அது வலி, வாந்தி, மூச்சுத்திணறல், மனச்சோர்வு இவற்றைப் பார்க்கும் பிரிவு. சிகிச்சை நடக்கும்போதே கூடவே சேர்ந்துகொள்ளக்கூடியது. முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே இந்தக் கவனிப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததை 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டோடு கிடப்பவர்களுக்கான பேலியேட்டிவ் கேரும் பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்காமல், ஃபைலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். எந்த நர்ஸ் வருவார், எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு, அவருடைய நம்பரையும் வாங்கி வாருங்கள்.